தைத்தானியத்தின் மேற்பரப்பு: நனோப் படலங்களும் நமது வாய்ப்பும்

பருத்தித்துறையிலோ காரைநகரிலோ கடலோரத்தில் வீடு கட்டியவர்கள் யன்னற் கம்பிகளின் கதையை அறிவர். உப்புக்காற்று சில ஆண்டுகளிலேயே இரும்பை உதிர்த்துவிடுகின்றது. தைத்தானியமோ கடல்நீரிலேயே கிடப்பினும் பல்லாண்டுகள் பழுதுறுவதில்லை. அவ்வுலோகம் தாக்கம் குறைந்தது என்பது இதற்குக் காரணமன்று. மாறாக, அது ஒட்சிசன்மீது மிகுந்த நாட்டமுடையது. புதிதாக வெட்டிய முகத்திற் காற்றுப் பட்டதும் ஈரொட்சைட்டுப் படலமொன்று தோன்றிவிடுகின்றது. அதன் தடிப்புச் சில நனோமீற்றர் மாத்திரமே. ஒரு நனோமீற்றர் என்பது மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. இரும்பின் துரு பொருக்காக உதிர, இப்படலம் உலோகத்தை இறுகப் பற்றி நிற்கின்றது; கீறப்பட்டாலும் மீளத் தானே மூடிக்கொள்கின்றது.

இவ்வுலோகத்தின் மூலப்பொருள் நமக்குத் தொலைவில் இல்லை. குடாநாட்டுக்குத் தெற்கே, கொக்கிளாயைக் கடந்தால் வரும் புல்மோட்டைக் கடற்கரையின் கருமணலில் இல்மனைற்றும் உரூட்டைலும் செறிந்துள்ளன. 1957 இல் இதற்கெனக் கனிய மணற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. எனினும் அம்மணல் பெரும்பாலும் மணலாகவே கப்பலேறி வந்துள்ளது. நாம் சுவருக்குப் பூசும் வெண்வர்ணத்துக்கு வெண்மை தரும் ஈரொட்சைட்டையோ வெளிநாட்டிலிருந்து விலைக்கு வாங்குகின்றோம்.

'உலோகத்தையே இங்கு பிரித்தெடுப்போம்' என்ற குரல் இடையிடையே எழுவதுண்டு. அது இலகுவன்று. குரோல் முறையில் தாதுவைக் குளோரினேற்றி, பெறும் நாற்குளோரைட்டை ஆகன் வாயுச் சூழலில், ஏறத்தாழ 800 பாகை செல்சியசுக்கு மேல், மகனீசியத்தால் தாழ்த்தவேண்டும். கேரளத்துச் சவறாவில் இத்தகைய ஆலை 2011 இலேயே தொடங்கிற்று. அதன் கொள்ளளவும் ஆண்டுக்கு 500 தொன்னே. மேற்பரப்பு ஆய்வு அவ்வாறன்று. அதற்கு வேண்டியவை ஒரு சிறு தொட்டி, நேரோட்ட மின்வழங்கி, உலை என்பனவே. நமது நாட்டம் இத்திசையிற் செல்லவேண்டும் என்பது எமது கருத்து.

செய்முறையைச் சற்று நோக்குவோம். தைத்தானியத் தகட்டை அனோட்டாக்கி, புளோரைட்டு கலந்த மின்பகுபொருளில் சில பத்து வோல்ற்று அழுத்தத்தைப் பிரயோகிக்கின்றோம். மின்புலம் ஒட்சைட்டை வளர்க்கின்றது. புளோரைட்டு அயன் அதைக் கரைக்கின்றது. வளர்ச்சியும் கரைவும் சமனுறுமிடத்து, தேன்கூடு போன்று நெருங்கிய நுண்குழாய்கள் நிமிர்ந்தெழுகின்றன. அழுத்தத்தைக் கூட்டினாற் குழாயின் விட்டமும் கூடும். பின்னர் 450 பாகையளவிற் சூடாக்க, ஒழுங்கற்ற ஒட்சைட்டு அனற்றேசுப் பளிங்காகின்றது.

விட்டம் ஏன் முக்கியம்? 1952 இல் சுவீடனிற் பிரனெமார்க், முயலின் எலும்பிற் பதித்த தைத்தானியம் எலும்போடு ஒன்றிவிட்டதைக் கண்டார். செயற்கைப் பல்வேர்கள் அங்கிருந்தே தோன்றின. கலங்கள் தொடுவது உலோகத்தையன்று, ஒட்சைட்டையே. 15 நனோமீற்றர்க் குழாய்களிற் கலங்கள் நன்கு பற்றின என்றும், 100 நனோமீற்றரில் மடிந்தன என்றும் 2007 இல் ஓர் ஆய்வுக்குழு எழுதியது. அகன்ற குழாய்களே எலும்புக் கலமாக மாறத் தூண்டுகின்றன என்றது மற்றொரு குழு. இவ்வழக்கிற் கலத்தின் வகையும் பளிங்கின் வகையும் சாட்சிகளாக வரவேண்டியுள்ளன.

சூரியக் கலம் இதன் இன்னொரு முகம். 1991 இல் ஓறீகனும் கிராற்சலும் நனோத்துணிக்கைகளாலான துளைமிகு ஈரொட்சைட்டுப் படலத்திற் சாயத்தை ஏற்றி, சூரிய ஒளியில் ஏழு வீதமளவை மின்னாக்கினர். துளைகளின் உட்பரப்புத் தட்டையான பரப்பினும் பன்னூறு மடங்கு என்பதே இதன் இரகசியம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பௌதிகவியற்றுறையில் இதே ஒட்சைட்டோடு தாவரச் சாயங்களையும் கடத்தும் பல்பகுதியங்களையும் சேர்த்த கலங்கள் ஆராயப்பட்டு வருகின்றன. எனவே, மேற்பரப்பு ஆய்வு இம்மண்ணுக்குப் புதிதன்று.

ஆயினும் புளோரைட்டைப்பற்றி ஒரு சொல். குடாநாட்டின் குடிநீர் சுண்ணக்கல்லின் வெடிப்புகளினூடே ஓடுவது. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்து பெரும் பிரச்சினையான அனுபவம் நமக்குண்டு. மின்பகுகழிவைச் சுண்ணாம்பிட்டுக் கல்சியம் புளோரைட்டாக வீழ்படியச் செய்து, எஞ்சும் நீரின் புளோரைட்டளவைச் சோதித்த பின்னரே அப்புறப்படுத்தவேண்டும். அவ்வேற்பாடு தொட்டி வாங்குமுன் அமையவேண்டியது.