ஐம்பத்து மூன்று மணி செபம்

தை பிறந்துவிட்டால் ஆயக்குடி வழியாகப் பழனிக்கு நடந்து போகிறவர்களின் வரிசை இரவு பகலாக ஓய்வதில்லை. பச்சை வேட்டி, காவி வேட்டி, தோளில் காவடி, கழுத்தில் மாலை. மாலை போட்டவருக்கு இந்தப் பக்கத்தில் தனி மரியாதை. கூடையில் கொய்யாப்பழம் விற்கிறவர்கூட ‘சாமி’ என்றுதான் கூப்பிடுவார். ஆகஸ்ட் கடைசியில் இதே திண்டுக்கல் சமவெளியின் கத்தோலிக்க ஊர்களிலிருந்து இன்னொரு கூட்டம் கிழக்கே புறப்படும். அவர்களுக்கும் காவிதான் உடை. 29-ஆம் தேதி வேளாங்கண்ணியில் கொடியேறும். செப்டம்பர் 8 மாதா பிறந்த நாள். அதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று நடப்பார்கள். அவர்கள் கையில் இருப்பது செபமாலை. முன்னால் போகிறவர் மந்திரத்தின் முதல் பாதியைச் சொல்ல, பின்னால் வருகிறவர்கள் மறுபாதியைச் சொல்லி முடிப்பார்கள். நடை தளரும்போது குரல் உயரும்.

மாலை என்றால் என்ன என்று தமிழனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் இந்த மாலையைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இது சாமியாரின் செபம் அல்ல, வீட்டுக்காரர்களின் செபம். பூசைக்குக் குரு வேண்டும், பாவசங்கீர்த்தனத்துக்கும் குரு வேண்டும். செபமாலைக்கு யாரும் வேண்டாம். எழுத்தறிவு வேண்டாம், புத்தகம் வேண்டாம், விளக்குகூட வேண்டாம்.

விளக்கு வேண்டாம் என்பதை மாலையைக் கையில் எடுத்துப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம். நுனியில் பாடுபட்ட சுரூபம். அதையடுத்து ஒரு பெரிய மணி, மூன்று சின்ன மணி, மறுபடி ஒரு பெரிய மணி. பிறகு மாதா உருவம் பதித்த பதக்கம். அங்கிருந்து வட்டம் தொடங்குகிறது: பத்துப் பத்தாக ஐந்து கொத்து, நடுவே ஒற்றைப் பெரிய மணிகள். சின்ன மணிகள் மட்டும் 53. அதனால்தான் நம் ஊர்களில் இதற்கு ‘53 மணி செபம்’ என்று பெயர். பத்தாவது மணி முடிந்ததும் சங்கிலி சற்று நீளும். அந்த இடைவெளி விரலுக்குத் தட்டுப்பட்டதும் ‘பிதாவுக்கும் சுதனுக்கும்’ சொல்ல வேண்டும் என்று தெரிந்துவிடும். கரண்ட் போன வீட்டிலும், கண் தெரியாத பாட்டியின் மடியிலும் கணக்குத் தவறாது.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் பாய் விரித்து, மாதா சுரூபத்தின் முன் மெழுகுவர்த்தி ஏற்றி, விசுவாச மந்திரத்தோடு தொடங்குவார்கள். பெரிய மணிக்குப் பரலோக மந்திரம், சின்ன மணிக்கு அருள் நிறைந்த மந்திரம். “முதல் பத்து அப்பா, ரெண்டாவது நீ, மூணாவது தம்பி” என்று அம்மா பிரித்துக் கொடுப்பாள். ஆறு வயதுப் பையன் தன் பத்தைத் தொடங்கினால் அறுபது வயதுத் தாத்தா மறுமொழி சொல்லியாக வேண்டும். வீட்டில் எல்லாரும் ஒரு குழந்தையின் குரலுக்குப் பின்னால் போகிற நேரம் ஒரு நாளில் வேறு எப்போது கிடைக்கிறது? கடைசியில் கிருபை தயாபத்து மந்திரமும் மாதா பிரார்த்தனையும். எல்லாம் சேர்த்து அரை மணி நேரம்.

இந்தச் செபம் பிறந்ததே எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காகத்தான். ஐரோப்பிய மடங்களில் துறவிகள் 150 திருப்பாடல்களைப் பாடினார்கள். லத்தீன் தெரியாத குடியானவர்கள் அதற்கு ஈடாக 150 முறை பரலோக மந்திரம் சொன்னார்கள். எண்ணிக்கை தவறாமல் இருக்க மணிகளைக் கோத்துக்கொண்டார்கள். பின்னாளில் அருள் நிறைந்த மந்திரம் அந்த இடத்துக்கு வந்தது. அதன் முதல் பாதி லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்திலிருந்து எடுத்தது: வானதூதரின் வாழ்த்தும் எலிசபெத்தின் வாழ்த்தும் சேர்ந்தது. ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ என்று கேட்கிற மறுபாதி இன்றைய வடிவில் உறுதியானது 1568-இல்தான்.

மாதா புனித சாமிநாதருக்கு நேரில் தோன்றி செபமாலையைக் கொடுத்தார் என்று பங்குக் கோயில் படங்களில் பார்த்திருப்போம். அது 15-ஆம் நூற்றாண்டில் ஆலன் தெ லா ரோஷ் என்ற சாமிநாதர் சபைத் துறவி பரப்பிய மரபு. வரலாற்று ஆதாரம் அதற்கு வலுவாக இல்லை. 1569-இல் ஐந்தாம் பத்திநாதர் இந்த முறையை ஒழுங்குபடுத்தினார். 1571 அக்டோபர் 7 லெப்பாந்தோ கடற்போர் வெற்றிக்குப் பிறகு திருநாள் வந்தது. 1883-இல் பதின்மூன்றாம் சிங்கராயர் அக்டோபரைச் செபமாலை மாதமாக்கினார்.

பீரங்கிகளோடு வென்ற அந்தக் கடற்போரைவிட, தமிழ் மண்ணில் நடந்த வேறொரு சம்பவம்தான் எனக்குச் செபமாலையின் பெருமை. 1658-இல் யாழ்ப்பாணக் கோட்டையை டச்சுக்காரர்கள் பிடித்தார்கள். கத்தோலிக்கக் குருக்கள் துரத்தப்பட்டார்கள், கோயில்கள் பறிபோயின. குருவுக்கு அடைக்கலம் கொடுத்தால் மரண தண்டனை என்று அறிவித்தார்கள். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பூசையில்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. வெளியே டச்சு ஆலயத்துக்குப் போய்க்கொண்டு, உள்ளே பழைய விசுவாசத்தை ஒளித்து வைத்திருந்த குடும்பங்கள் எத்தனை, எவை என்று யாருக்கும் தெரியாது.

1687-இல் தூத்துக்குடியிலிருந்து ஒருவர் தோணி ஏறினார். கோவாவின் பெனாலிமில் 1651-இல் பிறந்த யோசப் வாஸ் அடிகள். அங்கி இல்லை, கூலிக்காரனின் கந்தல்தான் உடை. வயிற்றுக்கடுப்பு நோயில் சாகப் பிழைத்து யாழ்ப்பாணம் சேர்ந்தார். அடுத்து என்ன செய்வது? ‘நீங்கள் கத்தோலிக்கரா?’ என்று யாரைக் கேட்டாலும் காட்டிக்கொடுக்கப்படலாம். அவர் கழுத்தில் ஒரு பெரிய செபமாலையைப் போட்டுக்கொண்டு, பிச்சைக்காரனாக வீடு வீடாகப் போய் நின்றார். சோறு போடுகிற கை மாலையைக் கண்டதும் தயங்குகிறதா, கண் அங்கேயே நிலைக்கிறதா என்று பார்த்தார். தெரியாதவருக்கு அது வெறும் மணிச்சரம். தெரிந்தவருக்கு, தாத்தா பாட்டி கதவைச் சாத்திக்கொண்டு உருட்டிய பொருள். அப்படித்தான் அவர்களை ஒவ்வொருவராகக் கண்டுபிடித்தார். சில்லாலை ஊரார் அவரைத் தங்கள் பொறுப்பில் மறைத்துக் காத்தார்கள். இரவில் பூசை நடந்தது. பின்னர் கண்டிக்குப் போய், உளவாளி என்ற சந்தேகத்தில் சிறைப்பட்டு, விடுதலையாகி, ஊர் திரும்பாமல் உழைத்து, 1711 ஜனவரி 16-ஆம் தேதி அங்கேயே இறந்தார். 2015 ஜனவரி 14-ஆம் தேதி கொழும்பு காலிமுகத் திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

ஒரு வீட்டில் செபமாலை மறந்துபோயிருந்தால் வாஸ் அடிகள் அந்த வாசலில் வெறும் பிச்சைக்காரனாகவே நின்றுவிட்டுப் போயிருப்பார். குரு இல்லாத முப்பது ஆண்டுகளில் விசுவாசத்தைக் காப்பாற்றியவர்கள் அம்மாக்களும் பாட்டிகளும்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நம் பக்கத்துக் கதையும் ஏறக்குறைய இதேதான். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார், உதவிக்கு ஆள் வைத்துச் செபங்களைத் தமிழில் பெயர்த்து மனப்பாடம் செய்தார். எல்லா நோயாளிகளையும் தானே பார்க்க முடியாதபோது செபம் தெரிந்த சிறுவர்களை அந்தந்த வீடுகளுக்கு அனுப்பினார். 1578-இல் கொல்லத்தில் அன்றிக் அடிகளார் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’, தமிழ் எழுத்தில் நமக்குக் கிடைத்த மிகப் பழைய அச்சுப் புத்தகம். மக்கள் தினமும் சொல்வதற்கான அடிப்படைச் செபங்களுக்காகவே அந்த அச்சு எழுத்துகள் வார்க்கப்பட்டன. 1773-இல் இயேசு சபை கலைக்கப்பட்டபின் மதுரை மிஷனில் குருக்கள் அருகிப் போனார்கள். பிரெஞ்சு இயேசு சபையினர் 1830-களின் கடைசியில் வரும்வரை பல கிராமங்களில் உபதேசியார் சொல்லிக் கொடுத்த செபங்களே கைகொடுத்தன. திண்டுக்கல் புனித வளனார் கோயில் எழும்பியது 1866-க்கும் 1872-க்கும் இடையில். திண்டுக்கல் தனி மறைமாவட்டமானது 2003-இல். இந்தச் சமவெளியில் பெரிய கோயிலுக்கு முன்பே வீட்டுச் செபம் இருந்தது.

‘ஒரே மந்திரத்தை ஏன் திருப்பித் திருப்பிச் சொல்கிறீர்கள்?’ என்று பிற சபை உறவினர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. வாய் மந்திரத்தைச் சொல்லும்போது மனம் இயேசுவின் வாழ்வில் ஒரு நிகழ்ச்சியைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பத்துக்கும் ஒரு தேவ இரகசியம், அதாவது மறையுண்மை. திங்கள், சனி மகிழ்ச்சி, செவ்வாய், வெள்ளி துயரம், புதன், ஞாயிறு மகிமை, வியாழன் ஒளி. இந்த ஒளியின் மறையுண்மைகளைச் சேர்த்தவர் இரண்டாம் அருள் சின்னப்பர், 2002-இல். கெத்சமனித் தோட்டத்தில் இயேசு தனியே வியர்த்து வேண்டியதை நினைத்தபடி பத்து மணி உருட்டினால், கடன் நோட்டீஸ் வந்த வீட்டுக்காரருக்கு அது தன் சொந்தக் கதையாகத் தெரியும். நினைவின்றி 53 மணியைப் பத்து நிமிடத்தில் ஓட்டிவிட்டு எழுந்தால் பயனில்லை. தியானம் போனால் செபமாலையின் உயிரே போய்விடும் என்று 1974-இல் ஆறாம் சின்னப்பர் எச்சரித்ததும் அதைத்தான்.

அவசரம் இல்லாமல் சொல்வதைக் கேட்க வேண்டுமானால் இறப்பு வீட்டுக்குப் போக வேண்டும். இறந்தவரின் கோத்த விரல்களுக்கிடையில் அவருடைய சொந்த மாலையைச் சுற்றியிருப்பார்கள். மணிகள் தேய்ந்திருக்கும், அறுந்த கண்ணியில் நூல் கட்டியிருக்கும். தலைமாட்டில் அன்பியம் என்னும் பங்குச் சிறுகுழுவின் பெண்கள் உட்கார்ந்து துயர மறையுண்மைகளைச் சொல்வார்கள். அழுகிறவர்களுக்கு அழுகையை நிறுத்தாமலே சேர்ந்து சொல்ல ஒரு வாக்கியம் கிடைக்கிறது. அருள் நிறைந்த மந்திரத்தில் ‘இப்பொழுதும்’ என்றும் ‘மரண நேரத்திலும்’ என்றும் அவர் வாழ்நாள் முழுக்கச் சொன்னது அன்றைக்கு அங்கே நடந்து முடிந்திருக்கிறது. ஆறுதல் சொல்லத் தெரியாமல் நிற்கிற நமக்கெல்லாம் அந்த அரை மணி நேரம் பெரிய உபகாரம்.

இன்று பல வீடுகளில் அந்த நேரத்தை டிவி தொடரும் கைபேசியும் எடுத்துக்கொண்டன. அக்டோபரில் மாதா சுரூபம் வீட்டுக்கு வருகிற ஒரு நாள் மட்டும் பாய் விரிகிறது. 53 மணியும் முடியாது என்றால் ஒரு பத்து சொல்லுங்கள். ஐந்து நிமிடத்துக்குள் முடியும். டிவியை அணைத்துவிட்டு, பீரோவுக்குள் கிடக்கும் பாட்டியின் மாலையை எடுங்கள். அந்தப் பத்தைச் சொல்ல வீட்டின் கடைக்குட்டியிடம் கொடுத்துவிட்டு, நீங்கள் மறுமொழி சொல்லுங்கள்.