இரண்டிலும் நான்கிலும் தட்டுங்கள்

பரதநாட்டியம் பழகும் சின்னப் பிள்ளைகளுக்கு அட்டமி என்றால் தனிக் கொண்டாட்டம். முகம் நேரே பார்க்கும், தோள் அசையாது, தலை மட்டும் இடமும் வலமும் நழுவும். ஜாஸ் நடன வகுப்புக்குப் புதிதாகப் போகிறவருக்கும் தொடக்கத்தில் ஏறக்குறைய இதைத்தான் சொல்லித் தருகிறார்கள். தலை மட்டும், தோள் மட்டும், விலா மட்டும், இடுப்பு மட்டும் என்று உடம்பைப் பகுதி பகுதியாக அசைக்கும் இந்தப் பயிற்சிக்கு அங்கே ஐசொலேஷன் என்று பெயர். இந்த ஒற்றுமை முழுக்கத் தற்செயல் என்று சொல்லிவிட முடியாது.

ஜாக் கோல் (1911–1974) என்ற அமெரிக்க நடனக்காரர் லா மேரி என்ற பெண்மணியிடம் பரதம் கற்றார். லா மேரியோ 1930களில் சென்னைக்கு வந்து மயிலாப்பூர் கௌரி அம்மாளிடம் பயின்றவர். கற்ற பரதத்தைக் கோல் ஸ்விங் என்ற ஜாஸ் இசைக்குப் போட்டு ஆடினார். நியூயார்க் இரவு விடுதிகளில் அது பெரும் பரபரப்பு. 1940களில் கொலம்பியா பிக்சர்ஸ் படப்பிடிப்பு நிலையத்தில் நடனக் குழு ஒன்றைப் பயிற்றுவித்தபோது பாலே, ஃபிளமெங்கோ ஆகியவற்றோடு இந்திய நடனமும் அவருடைய பாடத்தில் இருந்தது. 1953இல் மர்லின் மன்றோ வைரத்தைப் பற்றிப் பாடி ஆடினாரே, அந்த ஆட்டத்தை அமைத்ததும் கோல்தான். அவரிடம் ஆடிய மேட் மேட்டாக்ஸ் இந்த ஐசொலேஷன் பயிற்சிகளை இன்னும் கடுமையாக்கி, லண்டனுக்கும் பிரான்சுக்கும் கொண்டுபோய்ப் பாடமுறையாகவே ஆக்கிவிட்டார்.

இதை வைத்து, ஜாஸே நம்மிடமிருந்து போனதுதான் என்று மார்தட்டக் கூடாது. அதன் வேர் ஆப்பிரிக்கா. முழங்காலை மடித்து, மண்ணை நோக்கி உடம்பைத் தாழ்த்தி, தோளுக்கு ஒரு தாளம் இடுப்புக்கு ஒரு தாளம் என்று ஆடும் மேற்கு ஆப்பிரிக்க முறை அடிமைக் கப்பல்களில் அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. அங்கே தென் கரோலினாவில் 1739இல் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். மறு ஆண்டே சட்டம் போட்டு அவர்களுக்கு முரசைத் தடை செய்தார்கள். முரசு போனாலும் தாளம் போகவில்லை. கை, தொடை, மார்பு, பாதம் எல்லாம் தாளக்கருவியாகின. பரதம் இந்த மரத்தில் பின்னால் வந்து சேர்ந்த ஓர் ஒட்டுதான்.

நெய்யாறு அணைக்கு அப்பால், அகத்தியமலைக்கு அடிவாரமாகக் கிடக்கும் அம்பூரியில், பள்ளிக் கலோற்சவத்துக்காகப் பரதம் பழகிய பெண் ஒருத்தி இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். செல்போனில் ஜாஸ் பாடம் ஒன்றைப் போட்டுப் பார்த்து ஆடத் தொடங்குகிறாள். அவளுக்கு எது எளிதாக வரும், எது தகராறு செய்யும்?

கழுத்து எளிதாக வரும். தலை பக்கவாட்டில் நழுவுவது ஒரே அசைவுபோலத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு வளைவுகள் நடக்கின்றன. கழுத்தில் உள்ள ஏழு எலும்புகளில் கீழே இருப்பவை வலப்பக்கம் சாய, மேலே இருப்பவை அதே நேரத்தில் இடப்பக்கம் சாய்ந்து ஈடுகட்டுகின்றன. அதனால்தான் முகம் கோணாமல் நேராக நிற்கிறது. புதிதாகப் பழகுகிறவருக்குக் கீழ்ச்சாய்வு மட்டும் வரும், காது தோளை நோக்கி இறங்கிவிடும். மூளைக்குத் தசைகளைக் கூட்டாக வேலை வாங்கித்தான் வழக்கம். ஒன்றை மட்டும் அசைக்க வேண்டுமானால் பக்கத்தில் உள்ளவற்றை அடக்கி வைக்கவும் கற்றாக வேண்டும். பரதத்தில் அவள் ஏற்கெனவே இந்த அடக்கத்தைப் படித்துவிட்டாள்.

விலாவும் இடுப்பும் கொஞ்சம் மல்லுக்கட்டும். அரைமண்டியில் முழங்கால் வெளிநோக்கி மடியும், ஜாஸில் பெரும்பாலும் பாதங்கள் நேராக நிற்க, முழங்கால் முன்னோக்கி மடியும். முழங்காலை விறைப்பாக வைத்துக்கொண்டு இடுப்பை அசைத்தால் தலையும் சேர்ந்து ஆடிவிடும். மடிந்த முழங்கால், வண்டியின் ஸ்பிரிங் மாதிரி, அந்த அதிர்ச்சியைக் கீழேயே வாங்கிக்கொள்ளும்.

சுழற்சியும் அவளைக் கொஞ்சம் படுத்தும். உள்காதின் அரைவட்டக் குழாய்களில் இருக்கும் திரவம், சுற்றி நின்ற பிறகும் சற்று நேரம் ஓடிக்கொண்டிருப்பதால்தான் தலை கிறுகிறுக்கிறது. பார்வையை ஓரிடத்தில் நிறுத்தி, உடம்பு திரும்பிய பிறகு தலையை வெடுக்கென்று திருப்பினால் தடுமாற்றம் குறையும். 2013இல் வெளியான லண்டன் ஆய்வு ஒன்று பாலே ஆடும் பெண்களையும் படகுப் போட்டியில் துடுப்புப் போடும் பெண்களையும் இருட்டறையில் சுழல் நாற்காலியில் வைத்துச் சுற்றிப் பார்த்தது. நின்றபின் சுற்றும் உணர்வு ஆடுபவர்களுக்குச் சீக்கிரம் அடங்கியது. உள்காதின் செய்தியைப் பெற்றுக்கொள்ளும் சிறுமூளைப் பகுதியிலேயே வேறுபாடு தெரிந்தது. இது பல்லாண்டுப் பயிற்சியின் பலன், ஒரு வாரத்தில் வராது.

உண்மையான தகராறு தாளத்தில்தான். ஜாஸ் எட்டு எட்டாக எண்ணப்படுகிறது. ஆதி தாளமும் எட்டுதான் என்று அவள் நிம்மதியடையலாம். ஆனால் ஆதி தாளத்தில் சமத்தில், அதாவது முதல் எண்ணிக்கையில், விழும் தட்டைத்தான் உடம்பு தேடும், ஒன்று என்றவுடன் கை இறங்கிவிடும். ஜாஸில் கைதட்டல் இரண்டிலும் நான்கிலும் விழுகிறது. தோள் குலுங்குவதோ பல சமயம் இரண்டு எண்ணிக்கைகளுக்கு நடுவே.

இங்கேதான் அறிவியல் ருசிக்கிறது. தாளத்தை நாம் காதால் கேட்கிறோம் என்று நினைக்கிறோம். உண்மையில் அதை மூளை உண்டாக்குகிறது. அசையாமல் படுத்துக்கொண்டு தாளத்தைக் கேட்பவரின் மூளையை ஸ்கேன் செய்தால், உடல் அசைவுக்கான பகுதிகள் விழித்திருப்பது தெரியும். பிறந்து சில நாளே ஆன சிசுக்களுக்கு, தூங்கும்போது தாள ஒலியைக் கேட்பித்து, முதல் தட்டை மட்டும் வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள். அந்த மௌனத்துக்குச் சிசுவின் மூளை திடுக்கிட்டது. 2009இல் வெளியான ஆய்வு இது. வராத தட்டுக்காகக் காத்திருக்கும் பழக்கம் அந்த வயதிலேயே இருக்கிறது.

அந்தக் காத்திருப்போடுதான் ஜாஸ் விளையாடுகிறது. எதிர்பார்த்த இடத்தை வெறுமையாக விட்டு, எதிர்பாராத இடத்தில் அடிக்கிறது. வெறுமையான இடத்தை நிரப்பச் சொல்லி மூளை உடம்பைத் தூண்டுகிறது. 2014இல் வெளியான இன்னோர் ஆய்வில், இப்படித் தட்டைத் தள்ளிப்போடுவது துளியும் இல்லாத முரசடியும் மக்களை அவ்வளவாக ஆடத் தூண்டவில்லை, அளவுக்கு மிஞ்சித் தள்ளிய முரசடியும் தூண்டவில்லை. நடுத்தரமாகத் தள்ளியதற்குத்தான் ஆட வேண்டும்போல் இருந்தது என்றார்கள். அரை இடம் தள்ளி எடுக்கும் கீர்த்தனையைக் கேட்டுத் தலையாட்டியவர்களுக்கு இந்தச் சுகம் புதிதல்ல. கேட்க மட்டுமே செய்ததை இப்போது தோளாலும் விலாவாலும் செய்ய வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே அடவுபோல அடிகளை மனப்பாடம் செய்ய அவசரப்பட வேண்டாம். ஏதாவது ஸ்விங் பாட்டைப் போட்டு, ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் ஓர் அடியாக முற்றத்தில் நடக்கலாம். இரண்டிலும் நான்கிலும் கை தட்டலாம். தட்டு ஒன்றுக்கும் மூன்றுக்கும் ஓடிப்போகும், ஓடினால் நின்று மறுபடி நடக்கலாம். கால் தன்பாட்டுக்கு நடக்கப் பழகியபின் கைதட்டை விட்டுவிட்டு, அதே இடத்தில் ஒரு தோளை மட்டும் உயர்த்தலாம். ஜாஸ் ஸ்கொயர் என்று நான்கே அடிகளில் தரையில் ஒரு சதுரம் போடுவார்கள்: குறுக்கே ஒன்று, பின்னால் ஒன்று, பக்கத்தில் ஒன்று, முன்னால் ஒன்று. அதை அதற்குப் பிறகு எடுத்துக்கொண்டால் போதும்.