தார் வெயிலுக்கு ஒரு கணக்கு

தார் பாலைவனத்தில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. ராஜஸ்தானின் பட்லாவில் சுமார் 14,000 ஏக்கரில் விரிந்துகிடக்கிறது சூரிய மின்பூங்கா. திறன் 2,245 மெகாவாட். ஆனால், 'இங்கே வெயில் கொளுத்துகிறது' என்று சொன்னால் எந்த வங்கியும் கடன் தராது. ஒரு சதுர மீட்டர் நிலத்தில் வருடத்துக்கு எத்தனை யூனிட் வெயில் விழும் என்று எண்ணில் காட்ட வேண்டும். அந்த எண் 5 சதவிகிதம் பிசகினால், எதிர்பார்த்த வருமானமும் ஏறக்குறைய அதே அளவு சரியும்; அதுவும் 25 வருடங்களுக்கு!

செயற்கைக்கோளும் புழுதியும்

அந்த எண் பிசகியதற்கு ஓர் உதாரணம் உண்டு. 2010-ல் ஜவஹர்லால் நேரு தேசிய சூரிய மின்திட்டம் தொடங்கியது. கண்ணாடிகளால் வெயிலைக் குவித்து, அந்தச் சூட்டில் மின்சாரம் எடுக்கும் நிலையங்களுக்கு அதன் முதல் கட்டத்தில் 470 மெகாவாட் ஒதுக்கினார்கள். இந்த முறைக்குச் சூரியனிலிருந்து நேராக வரும் கதிர் மட்டுமே பயன்படும். புழுதியில் பட்டுச் சிதறிய ஒளியைக் குவிக்க முடியாது. பெரும்பாலும் செயற்கைக்கோள் மதிப்பீடுகளை நம்பியே திட்டம் போட்டார்கள். தரையில் அளந்தபோது நேர்க்கதிர் பல இடங்களில் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. செயற்கைக்கோள் மேகத்தை நன்றாகவே பார்க்கிறது. பளிச்சென்று மின்னும் மணல்மீது மிதக்கும் மெல்லிய புழுதியைக் கணிப்பதுதான் அதற்குச் சிரமம். உபகரணத் தாமதம், நிதிச் சிக்கல் என்று வேறு காரணங்களும் சேர, 2013-ன் நடுவில் அந்த நிலையங்களில் ஓடத் தொடங்கியிருந்தது நோக் என்ற ஊரின் 50 மெகாவாட் நிலையம் மட்டும்தான்.

பள்ளிக்கரணைக்கு வரும் தகவல்

தரை அளவீட்டின் தேவை அரசுக்கும் தெரிந்தே இருந்தது. 2011-ல் நாடு முழுக்க 51 கதிர்வீச்சு அளவீட்டு நிலையங்கள் எழுந்தன. அமைத்தது, சென்னை பள்ளிக்கரணையில் உள்ள காற்றாலைத் தொழில்நுட்ப மையம். இன்றைய தேசிய காற்றாற்றல் நிறுவனம். ராஜஸ்தானிலும் குஜராத்திலும் எடுக்கப்படும் அளவுகள் செல்போன் அலைவரிசை வழியாக இங்கேதான் வந்து சேர்கின்றன.

இந்த முயற்சிக்கு ஒரு முன்னோடி உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த அன்னா மாணி, 1957-58 சர்வதேச புவி இயற்பியல் ஆண்டையொட்டி, இந்திய வானிலைத் துறையின் கதிர்வீச்சு நிலையங்களை உருவாக்கினார். 1980-ல் அவர் வெளியிட்ட சூரியக் கதிர்வீச்சுத் தரவுக் கையேடு, இந்தியப் பொறியாளர்களுக்கு நெடுங்காலம் ஆதாரமாக இருந்தது.

மூன்று கருவிகள், ஒரு கணக்கு

ஒவ்வொரு நிலையத்திலும் முக்கியமானவை மூன்று கருவிகள். கண்ணாடிக் குமிழுக்குள் கறுப்புத் தகடு பொதிந்த பைரனோமீட்டர், வானம் முழுவதிலிருந்தும் விழும் மொத்த ஒளியை அளக்கும். இன்னொரு பைரனோமீட்டரின்மீது எப்போதும் நிழல் விழும்படி ஒரு மறைப்பு சூரியனோடு நகரும். அது சிதறிய ஒளியை மட்டும் சொல்லும். மூன்றாவது, குழாய் வடிவ பைர்ஹீலியோமீட்டர். விடிந்தது முதல் அடையும்வரை சூரியனையே குறிபார்த்து நேர்க்கதிரை அளக்கும்.

மூன்றும் ஒன்றையொன்று தணிக்கை செய்கின்றன. நேர்க்கதிரைச் சூரியனின் கோணத்துக்கேற்பக் கணக்கிட்டு, சிதறிய ஒளியைக் கூட்டினால் மொத்த அளவு வர வேண்டும். குறைந்தால், குழாய் முனைக் கண்ணாடியில் தூசி படிந்திருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். பாலைவனத்தில் இது அடிக்கடி நேரும். அதிகாலைப் பனி ஈரத்தில் புழுதி ஒட்டி, வெயிலேறக் காய்ந்து பொருக்காகிவிடும். ஒருவர் போய் மென்மையான துணியால் துடைத்தால்தான் அன்றைய கணக்கு மெய்யாகும். எத்தனை விலையுயர்ந்த கருவியானாலும் அந்தக் கையை நம்பித்தான் இருக்கிறது.

நிறுத்தக் கூடாத வேலை

ஒரு வருடத் தரை அளவைக் கொண்டு, பல வருடச் செயற்கைக்கோள் பதிவுகளில் உள்ள பிழையைத் திருத்துகிறார்கள். அதிலிருந்து, பத்தில் ஒன்பது வருடங்களில் தாண்டும் என்று எதிர்பார்க்கக்கூடிய உற்பத்தி எவ்வளவு என்று கணிக்கிறார்கள். கடன் கொடுப்பவர்கள் அதைத்தான் கேட்கிறார்கள்.

மின்பூங்கா வந்துவிட்டது என்பதற்காக அளப்பதை நிறுத்திவிடக் கூடாது. காற்றின் மாசும் புழுதியும் வருடத்துக்கு வருடம் மாறுகின்றன. பலகைக்கும் கம்பிக்கும் கொட்டும் கோடிகளோடு ஒப்பிட்டால் இந்தக் கருவிகளின் செலவு சொற்பம். துடைக்கும் ஊழியருக்கு முறையான சம்பளம், கருவிகளுக்குக் காலத்தில் தரச்சோதனை, எல்லோருக்கும் திறந்த தரவு: இந்த மூன்றையும் மின்திட்டச் செலவிலேயே எழுதிவைக்க வேண்டும்.