கடல் கடக்கும் செலவு யாருடையது? காவிரி டெல்டாவின் புலம்பெயர்வும் சாதியும்

தஞ்சை, நாகை, திருவாரூர் பகுதிகளிலிருந்து மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் மக்கள் வேலைதேடிச் செல்வதை ‘வறுமை’ என்ற ஒற்றைச் சொல்லால் விளக்குவது வழக்கம். நெற்களஞ்சியத்திலிருந்து ஆட்கள் ஏன் வெளியேறுகிறார்கள் என்ற கேள்விக்கு அச்சொல் மட்டும் விடையாகாது. எவ்வளவு விளைந்தது என்பதோடு நிலம் யாரிடம் இருந்தது என்பதையும் சேர்த்தே நாம் பார்க்க வேண்டும்.

1843ஆம் ஆண்டுச் சட்டம் அடிமைமுறைக்கு இருந்த சட்ட ஏற்பை நீக்கியது. ஆனால் நிலம் கைமாறவில்லை. பறையர், பள்ளர் மக்கள் பண்ணையாட்களாகவே நீடித்தனர். வாங்கிய கடனும், மிராசுதாரருக்குச் சொந்தமான குடியிருப்பு மனையும் அவர்களைக் கட்டிப்போட்டன. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குச் சென்ற கப்பல் அக்கட்டிலிருந்து வெளியேற ஒரு வழியைத் திறந்தது. ஆள் குறைந்தால் கூலி உயரும் என்பதால் மிராசுதாரர்கள் அவ்வழியை விரும்பவில்லை.

எனினும் அது விடுதலைப் பயணமாக முடியவில்லை. தோட்டத்தில் வேலைபார்த்த கங்காணி ஊர் திரும்பி, முன்பணம் கொடுத்து உறவினரையும் ஊராரையும் திரட்டினார். பண்ணைக் கடன் தோட்டக் கடனாக மாறியது. வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது.

1907இல் மலாயாவில் குடியேற்ற நிதி ஒன்று உருவாக்கப்பட்டது. தோட்ட முதலாளிகளிடம் வசூலித்த தொகையே கப்பல் கட்டணத்தை ஏற்றது. அதன் நோக்கம் இரக்கமன்று. மலிவான உழைப்பு தடையின்றிக் கிடைக்க வேண்டும் என்பதே. ஆயினும், பயணச் செலவைத் தொழிலாளியின் தலையில் சுமத்தாமல் ஆள் சேர்க்க இயலும் என்பதற்கு அது சான்று. 1910இல் மலாயாவுக்கான ஒப்பந்தக் கூலிமுறை முடிவுக்கு வந்தது. 1938இல் உதவி பெற்றுச் செல்லும் தொழிலாளர் குடியேற்றத்தை இந்திய அரசு தடைசெய்தது.

ஊரில் கூலி கேட்பதும் எளிதாக இருக்கவில்லை. கூலி உயர்வுக்கான போராட்டத்தின் நடுவே, 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். இன்று கதிர் அறுக்கும் இயந்திரமும் நிச்சயமற்ற காவிரி நீரும் இருந்த வேலைநாட்களையும் சுருக்குகின்றன.

இன்றைய நடைமுறையை 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம் வகுக்கிறது. பத்தாம் வகுப்புத் தேறாதவர், மலேசியாவும் வளைகுடா நாடுகளும் அடங்கிய 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல அரசின் அனுமதி பெற வேண்டும். பதிவுபெற்ற முகவர் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் மட்டுமே கட்டணமாகப் பெறலாம். நடைமுறையில் பல மடங்கு பறிக்கப்படுகிறது. சிங்கப்பூர் அப்பட்டியலில் இல்லை. அங்குச் செல்வோர் பயிற்சிக்கும் திறன் தேர்வுக்கும்கூடத் தாமே செலவழிக்கின்றனர்.

இங்குதான் சாதி மீண்டும் குறுக்கிடுகிறது. நிலமுள்ளவர் அதை ஈடுவைத்து வங்கிக் கடன் பெறலாம். நிலமற்ற தலித் குடும்பத்துக்கு எஞ்சுவது நகையும் கந்துவட்டியும்தான். ஒரே வேலை, ஒரே சம்பளம் என்றாலும் ஒருவருடைய பணம் வீடாகிறது. மற்றவருடையது வட்டியாகக் கரைகிறது.

தொழிலாளியிடம் முகவர் கட்டணம் பெறலாகாது என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1997ஆம் ஆண்டு 181ஆம் உடன்படிக்கை கூறுகிறது. இந்தியா அதை ஏற்புறுதி செய்யவில்லை. அதை ஏற்கச் செய்வதும், பஞ்சமி நிலம் உள்ளிட்ட நில உரிமையை மீட்பதும் ஒரே போராட்டத்தின் இரு முனைகள் எனக் கருதுகிறோம். ஊரில் நிலமுள்ளவரே தமக்கு விருப்பமான நிபந்தனையில் கடல் கடக்க முடியும்.