தோட்ட வீட்டுக்கு கேஸ் ஹீட்டர் வாங்குமுன்

சிரம்பான் கடையில் கேஸ் வாட்டர் ஹீட்டர் கேட்டால், "5 லிட்டரா, 10 லிட்டரா, 16 லிட்டரா?" என்று கடைக்காரர் கேட்பார். லிட்டர் என்றதும் தொட்டியின் அளவு என்று நினைத்துவிட வேண்டாம். இதில் தொட்டியே கிடையாது. பைப்பைத் திறந்ததும் ஓடும் தண்ணீர், உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வைத் தள்ளி கேஸைத் திறந்துவிடும். பேட்டரிப் பொறி தீயைப் பற்றவைக்கும். தாமிரக் குழாய்க்குள் ஓடும்போதே தண்ணீர் சூடேறும். பைப்பை மூடினால் தீயும் அணையும். 10 லிட்டர் கருவி என்றால், நிமிடத்துக்கு 10 லிட்டர் தண்ணீரை 25 டிகிரி கூடுதலாகச் சூடாக்கும் என்று பொருள்.

அந்த 25 டிகிரி நமக்கு எதற்கு? பகாவ், ரந்தாவ் பக்கம் விடியற்காலையில்கூட பைப்புத் தண்ணீர் 26, 27 டிகிரியில்தான் இருக்கும். குளிக்க 40 போதும். கூட்ட வேண்டியது 13 டிகிரி. ஆக, 5 லிட்டர் கருவியே இங்கே நிமிடத்துக்கு 9 லிட்டருக்கு மேல் வெந்நீர் தரும். ஒரு ஷவருக்கு அது தாராளம். 16 லிட்டர் கருவி, குளிர்காலத்தில் தண்ணீர் உறையப் பார்க்கும் நாடுகளுக்கு. இங்கே மாட்டினால், தீயைக் குறைத்து வைத்தாலும் மெல்லிய ஓட்டத்தில் தண்ணீர் தோலைச் சுடும். அது கேட்கும் வேகத்துக்கு ஒரு 14 கிலோ தோம்பால் கேஸும் கொடுக்க முடியாது. தோம்பு சில்லிட்டு வியர்க்கும், தீ சுருங்கும். விலை கூடியது நல்லது என்ற கணக்கு இதில் செல்லாது.

தோட்டத்து வீடுகளில் உண்மையான தடை தண்ணீர் அழுத்தம். பழைய லயங்களில் தண்ணீர்த் தொட்டி ஷவருக்கு ஒரு மீட்டர் உயரத்தில்தான் நிற்கும். 10 மீட்டர் உயரம் ஒரு பார் அழுத்தம்; ஒரு மீட்டருக்கு 0.1 பார்தான். பெரும்பாலான கருவிகள் 0.2, 0.3 பாராவது இல்லாமல் பற்றிக்கொள்ளாது. கருவி பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதில் பல இந்த வகைதான். வாங்குமுன் ஒரு வாளியை ஷவருக்கு அடியில் வைத்து ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள். அதையும் வரிசை முழுக்கப் பைப்பு திறந்திருக்கும் காலை ஆறு மணிக்குச் செய்ய வேண்டும். மத்தியானம் பார்த்தால் பொய்க் கணக்குதான் கிடைக்கும். 3 லிட்டர்கூடத் தேறவில்லையா? தொட்டியை உயர்த்துங்கள், அல்லது சின்ன பம்பு வையுங்கள். இரண்டும் முடியாதென்றால் இந்தக் கருவி வேண்டாம். இன்னொன்று: தண்ணீர் வெட்டு முடிந்து பைப்பில் செம்மண் நிறத்தில் வரும் தண்ணீர், கருவியின் வாயிலுள்ள சல்லடையை அடைத்துவிடும். கழற்றிக் கழுவினால் போதும்.

அடுத்து, எங்கே மாட்டுவது? குளியலறைக்குள் மட்டும் கூடாது. கதவடைத்த சின்ன அறையில் தீ எரியும்போது காற்றிலுள்ள ஆக்சிஜன் குறைந்துகொண்டே வரும். குறையக் குறைய கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. நம் ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக இதைப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, குமட்டல் என்று தொடங்கி, கதவைத் திறக்கப் போகும் முன்பே ஆள் விழுந்துவிடலாம். இந்தியாவில் கேஸ் கீசர் வைத்த குளியலறையில் வலிப்பு வந்து விழுந்தவர்களைப் பற்றி அங்குள்ள நரம்பியல் மருத்துவர்கள் மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். பார்த்தால் காக்காய் வலிப்பு போலவே இருக்குமாம். "ஜன்னல் இருக்கிறதே" என்று மாட்ட வருபவர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மழைக்காலத்தில் அந்த ஜன்னலை நாமே அடைத்துவிடுவோம்.

நல்ல இடம் பின்வாசல் பக்கத்துத் திறந்த தாழ்வாரம். மழைச் சாரல் படாமல், குளியலறை ஜன்னலை விட்டுத் தள்ளி மாட்ட வேண்டும். தீ நீலமாக எரிய வேண்டும். மஞ்சளானால் நிறுத்திச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். தோம்பும் வெளியிலேயே இருக்கட்டும், ஆனால் சாக்கடையோரம் வேண்டாம்: சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் பள்ளத்தில் போய்த் தங்கும். கோயில் திருவிழாச் சமையலுக்கு வைத்திருக்கும் உயர் அழுத்த ரெகுலேட்டரை இதில் பூட்டவே கூடாது. சிரிம் முத்திரை உள்ள சாதாரண வீட்டு ரெகுலேட்டர்தான் சரி. செம்பனைக் காட்டை ஒட்டிய வீடென்றால் எலி ரப்பர் குழாயைக் கடிக்கும், அதனால் கம்பி பின்னிய குழாய் போடுங்கள். வெந்நீர் வரும் பக்கம் வெள்ளை பிவிசி பைப்பு நெளிந்துவிடும். தாமிரமோ பிபிஆரோ போடச் சொல்லுங்கள்.

செலவு? 14 கிலோ தோம்பின் கட்டுப்பாட்டு விலை 26 வெள்ளி 60 சென். பத்து நிமிடக் குளியலுக்கு 50 லிட்டர் என்று வைத்தால் ஒரு தோம்பில் 190 குளியல் போலத் தேறும். ஒரு குளியலுக்கு 14 சென். அதே குளியலுக்கு மின்சார ஹீட்டர் முக்கால் யூனிட் தின்னும். உங்கள் பில்லைப் பார்த்துப் பெருக்கிக்கொள்ளுங்கள். 3.6 கிலோவாட் மின்சார ஹீட்டர் நிமிடத்துக்கு 4 லிட்டர்தான் தரும், ஆனால் ஒருவர் குளிக்க அது போதும். வயரிங் புதிதாக, எர்த் சரியாக, 10 மில்லி ஆம்பியர் ஈஎல்சிபியுடன் இருந்தால் சின்னக் குடும்பத்துக்கு மின்சாரமே வம்பில்லாத வழி. வயரிங் பழையதாக, குளிப்பவர்கள் ஐந்தாறு பேராக, அடிக்கடி கரண்டு போகும் வீடாக இருந்தால் கேஸ்.

கம்பெனி வீட்டில் இருப்பவர்கள் சுவரைத் துளைக்குமுன் தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். தொழிலாளர் வீடமைப்பு பற்றிய 1990-ஆம் ஆண்டின் 446-ஆவது சட்டம் முதலாளி தண்ணீரும் மின்சாரமும் தர வேண்டும் என்கிறது. வெந்நீர் அந்தப் பட்டியலில் இல்லை.