பட்டணமும் நாட்டுப்புறமும்: அமெரிக்கக் கவுண்டிகளின் புற்றுநோய்க் கணக்கு

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நோய்த்தடுப்பு இலாகா 2017-ஆம் வருஷத்தில் புற்றுநோயைப் பற்றிய ஒரு கணக்கை வெளியிட்டது. அந்நாடு முழுவதும் கவுண்டி என்னும் பிரிவுகளாக வகுக்கப்பட்டிருக்கிறது. நம் ஜில்லாவைப் போன்ற ஏற்பாடு அது. மொத்தம் ஏறக்குறைய 3,100 கவுண்டிகள் உள்ளன. 10 லக்ஷத்துக்கு மேல் ஜனத்தொகையுள்ள மாநகரங்களைச் சேர்ந்த கவுண்டிகளில், வருஷந்தோறும் லக்ஷம் பேரில் 457 பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் காணப்பட்டது. முற்றிலும் நாட்டுப்புறமான கவுண்டிகளில் அவ்வெண் 442. இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால், கிராமவாசம் நோயைத் தடுக்கிறது என்று சொல்லி மகிழலாம். ஆனால் அதே கணக்கின் அடுத்த பத்தியில் இறந்தோர் தொகை இருக்கிறது. மாநகரக் கவுண்டிகளில் லக்ஷத்துக்கு 158 பேர். நாட்டுப்புறக் கவுண்டிகளில் 180 பேர்.

நோய் கண்டோர் குறைவு, மாண்டோர் அதிகம். இது எவ்வாறு பொருந்தும் என்பதே இக்கட்டுரையின் விஷயம். கிராமத்துக் காற்றும் கேழ்வரகுக் களியும் போதும், வைத்தியசாலை எதற்கு என்று பேசுவோர் எந்நாட்டிலும் உண்டாதலால், இக்கணக்கை நம் சங்க அங்கத்தினர்கள் சற்றுப் பொறுமையுடன் படித்தறிதல் நன்று.

முதலில் பேரேடு எப்படி எழுதப்படுகிறதென்று பார்ப்போம். ஓர் ஆஸ்பத்திரியில் எத்தனை நோயாளிகள் வந்தனர் என்று எண்ணினால், அது அவ்வாஸ்பத்திரியின் வியாபாரத்தைக் காட்டுமேயன்றி ஊரின் நிலையைக் காட்டாது. ஆகவே, நோயாளி எங்கே வைத்தியம் செய்துகொண்டாலும், அவர் குடியிருக்கும் கவுண்டியின் பெயரிலேயே பற்று எழுதப்படுகிறது. கனெக்டிகட் ராஜ்யம் 1935-ஆம் வருஷம் முதற்கொண்ட நோயாளிகளை இம்முறையில் பதிந்து வைத்திருக்கிறது. 1973-இல் மத்திய சர்க்கார் சில பிரதேசங்களுக்குப் பதிவேடுகளை ஏற்படுத்தியது. 1992-இல் இயற்றப்பட்ட சட்டத்தின் பயனாக இப்பதிவு நாடெங்கும் பரவிற்று. புதிதாக நோய் கண்டோர் ஒரு கணக்கு. இறந்தோர் வேறு கணக்கு. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவது, புதிதாகக் கொடுத்த கடனையும் வசூலாகாமல் நின்ற பாக்கியையும் ஒரே பத்தியில் எழுதுவதற்கு ஒப்பாகும்.

எண்ணிக்கை மட்டும் போதாது என்பதைச் சங்க நிர்வாகிகளுக்கு விளக்க வேண்டுவதில்லை. ஒரு சங்கத்தில் தவணை தவறியவர் முப்பது பேர் என்றால், அங்கத்தினர் நாற்பது பேரா, நானூறு பேரா என்றுதான் முதலில் கேட்போம். அதனாலேயே லக்ஷத்துக்கு இத்தனை என்று வீதமாகக் கூறப்படுகிறது. ஆயினும் புற்றுநோயில் வீதமும் ஏமாற்றும். இந்நோய் பெரும்பாலும் முதுமையில் வருவது. வாலிபர்கள் பிழைப்புக்குப் பட்டணம் போய்விட, முதியோர் கிராமத்தில் தங்குவது அங்கும் வழக்கம். உதாரணமாக, முதியோர் நூற்றுக்கு இருவருக்கும், இளையோர் ஆயிரத்துக்கு ஒருவருக்கும் நோய் வருவதாக வைத்துக்கொள்வோம். 10,000 பேருள்ள ஒரு பட்டணத்தில் முதியோர் 1,000 பேர் என்றால், அவர்களில் 20, இளையோரில் 9, ஆக 29 நோயாளிகள். அதே 10,000 பேருள்ள நாட்டுப்புறத்தில் முதியோர் 3,000 பேர் என்றால், 60-உம் 7-உம் சேர்ந்து 67 நோயாளிகள். எந்த வயதிலும் இரு இடங்களுக்கும் அணுவளவும் வேற்றுமையில்லை. மொத்த வீதமோ இரட்டிப்புக்கு மேற்பட்டு நிற்கிறது. இக்குறையை நீக்க, எல்லாக் கவுண்டிகளுக்கும் வயதமைப்பு ஒன்றே என்று வைத்துக்கொண்டு வீதத்தைத் திருத்திக் கணக்கிடுகிறார்கள். அமெரிக்காவில் 2000-ஆம் வருஷத்து ஜனத்தொகையின் வயதமைப்பே இதற்கு அளவுகோல். மேலே சொன்ன 457, 442, 158, 180 ஆகிய நான்கும் அவ்வாறு திருத்தப்பட்டவை. ஆகையால் முதியோர் மிகுதியைக் காட்டி இவ்வேற்றுமையைத் தள்ளிவிட முடியாது.

நாட்டுப்புறம் என்பது எது? இதை வகுத்தது, பலரும் எதிர்பாராத வண்ணம், அந்நாட்டு விவசாய இலாகாவே. கவுண்டிகளுக்கு 1 முதல் 9 வரை இலக்கமிட்டார்கள். 1, 2, 3 மாநகரத்தைச் சேர்ந்தவை. 4 முதல் 9 வரை சேராதவை. பத்து வருஷத்துக்கு ஒருமுறை குடிமதிப்புக்குப் பின் இலக்கங்கள் மாற்றப்படுகின்றன. இதில் ஒரு நுட்பம் உண்டு. செழித்து வளரும் நாட்டுப்புறக் கவுண்டி அடுத்த முறை நகரத்தின் பட்டியலில் சேர்ந்துவிடுகிறது; நலிந்தவை நாட்டுப்புறப் பட்டியலிலேயே தங்குகின்றன. முன்னேறிய சங்கங்களையெல்லாம் வேறு வகுப்புக்கு மாற்றிவிட்டு, மீதியுள்ள சங்கங்கள் ஏன் முன்னேறவில்லை என்று கேட்பதைப் போன்ற நிலை இது. நீண்ட காலப் போக்கை ஒப்பிடுவோர் இதை மறத்தல் கூடாது.

இன்னொரு பிசகுக்கும் இடமுண்டு. டெக்ஸாஸ் ராஜ்யத்தில் லவிங் என்று ஒரு கவுண்டி. 2020-ஆம் வருஷக் குடிமதிப்பில் அங்கே இருந்தவர் 64 பேர். அவர்களில் ஒருவருக்கு நோய் கண்டால் லக்ஷத்துக்கு 1,562 என்று வீதம் வரும். ஒருவருக்கும் காணாவிட்டால் பூஜ்யம். லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டியிலோ ஏறக்குறைய ஒரு கோடிப் பேர். அங்கே ஒருவர் கூடினாலும் குறைந்தாலும் வீதம் அசையாது. 1980 முதல் 1989 வரை சிறுநீரகப் புற்றால் நேர்ந்த மரணங்களைக் கவுண்டிவாரியாகப் படத்தில் குறித்தபோது, மிக அதிக வீதமுள்ள கவுண்டிகள் ஜனநெருக்கம் குறைந்த மத்தியப் பிரதேசத்தில் காணப்பட்டன. மிகக் குறைந்த வீதமுள்ளவையும் அதே பிரதேசத்தில்தான். முன்னதை மட்டும் பார்த்தவர் நீரில் விஷம் என்பார். பின்னதை மட்டும் பார்த்தவர் நீரே மருந்து என்பார். இரண்டும் சிறு தொகையின் விளையாட்டு. இக்காரணத்தால் 16 நோயாளிகளுக்குக் குறைந்த இடத்தின் வீதத்தை அங்கே பிரசுரிப்பதில்லை. ஐந்து வருஷக் கணக்கைச் சேர்த்தும், ஒத்த கவுண்டிகளை ஒன்றாகக் கூட்டியும் பார்க்கிறார்கள். தன் ஊரில் ஒரே தெருவில் மூவருக்கு வந்தது என்று பதறுவோர் இதைச் சிந்திக்கவேண்டும். விசாரிக்க வேண்டாமென்பதல்ல; மூன்றை வைத்து வீதம் கட்டலாகாது என்பதே.

இனி மூல வினாவுக்கு வருவோம். நகரத்தில் புதிதாக நோய் கண்டோர் அதிகமாக இருப்பதற்கு ஒரு காரணம், அங்கே தேடுவது அதிகம். ஆண்களுக்கு வரும் பிராஸ்டேட் சுரப்பிப் புற்று இதற்கு நல்ல திருஷ்டாந்தம். அதைக் கண்டறியும் ரத்தப் பரீக்ஷை 1980-களின் பிற்பகுதியில் பரவத் தொடங்கியது. உடனே நோயாளிகளின் எண் விர்ரென்று ஏறி 1992-இல் உச்சத்தை அடைந்து, பின் இறங்கிற்று. நோய் திடீரென்று பெருகவில்லை. தேடும் கண்தான் பெருகிற்று. அவ்வாறு கண்டவற்றுள் பல ஆயுள் முழுவதும் தீங்கு செய்யாமலே கிடந்திருக்கக் கூடியவை. ஸ்தனப் புற்றும் நகரத்தில் அதிகமாகவே காணப்படுகிறது. எக்ஸ்-ரே படம் எடுத்துப் பார்ப்பது அதற்கு ஒரு காரணம். நகரப் பெண்கள் பிள்ளைப்பேற்றைத் தாமதிப்பதும், குறைவாகப் பெறுவதும் மற்றொரு காரணம், ஏனெனில் இவ்விரண்டும் அந்நோயை ஓரளவு கூட்டுகின்றன. ஆகவே 457 என்பதை முழுவதும் நகரத்தின் துர்ப்பாக்கியமாகக் கொள்ளலாகாது. அதில் ஒரு பகுதி பரிசோதனையின் வரவு.

நாட்டுப்புறத்தில் அதிகமாயிருப்பவை எவை? சுவாசப்பை, பெருங்குடல், கர்ப்பப்பை வாய் ஆகிய மூன்றன் புற்று. இவை கவனிக்கத்தக்கவை, ஏனெனில் தடுக்கத்தக்கவற்றில் இவையே முதன்மையானவை. புகையிலையை விட்டால் முதலாவது பெரும்பாலும் வராது. குடலில் தோன்றும் சிறு முளைகளை முன்னரே எடுத்துவிட்டால் இரண்டாவது வராது. மூன்றாவதற்குத் தடுப்பு ஊசியும் எளிய பரிசோதனையும் உண்டு. தடுக்க முடியாத நோயில் கிராமம் பின்தங்கினால் விதியென்று சொல்லலாம். தடுக்கக்கூடியவற்றிலேயே பின்தங்கியிருப்பதை அவ்வாறு சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

புகையிலையைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூறவேண்டும். 1950-களில் புற்றுநோயால் மாண்டோர் வீதம் நாட்டுப்புறத்தைவிட நகரத்திலேயே அதிகமாயிருந்தது. சிகரெட் பழக்கம் முதலில் நகரத்தில் வேரூன்றியதும் அதற்கு ஒரு காரணம். 1964-இல் அந்நாட்டுத் தலைமை வைத்திய அதிகாரியின் அறிக்கை, சிகரெட்டே சுவாசப்பைப் புற்றுக்குக் காரணமென்று உறுதி கூறிற்று. அதன்பின் நகரத்தாரும் படித்தவரும் விரைவாக விட்டனர், நாட்டுப்புறத்தார் தாமதித்தனர். புகைத்தலுக்கும் புற்றுக்கும் இடையே இருபது முப்பது வருஷம் செல்லுமாதலால், அத்தாமதத்தின் பலன் பின்னரே பேரேட்டில் ஏறிற்று. நகரமும் நாட்டுப்புறமும் இடம் மாறின. கென்டகி ராஜ்யம் சுவாசப்பைப் புற்றில் நாட்டிலேயே முன்னணியில் நிற்கிறது. அது புகையிலை விளையும் பூமி. நல்ல விலை பெறுவதற்காக அங்கே விவசாயிகள் 1920-களில் பெரியதொரு கூட்டுறவு விற்பனைச் சங்கம் நிறுவியிருந்தார்கள். விளைபொருளுக்கு விலை தேடியது குற்றமன்று. ஆனால் பயிரிடுபவரே அதன் முதல் வாடிக்கைக்காரராகவும் ஆகிவிடுவது பல ஊர்களில் காணும் காட்சி.

போக்கையும் பார்ப்போம். 2004 முதல் 2013 வரை, புதிய நோயாளிகளின் வீதம் இரு வகைக் கவுண்டிகளிலும் வருஷத்துக்கு ஏறக்குறைய நூற்றுக்கு 1 வீதம் குறைந்துவந்தது. மரணமோ, 2006 முதல் 2015 வரை, மாநகரக் கவுண்டிகளில் வருஷத்துக்கு நூற்றுக்கு 1.6-உம், மற்றவற்றில் 1.0-உம் குறைந்தது. இரு இடத்திலும் முன்னேற்றமே. ஆயினும் வேகம் வேறானதால் இடைவெளி ஆண்டுதோறும் அகன்றது. இறங்குகிற எண்ணெல்லாம் நற்செய்தியும் அல்ல. 2020-இல் கொரோனா நோயின்போது புதிய புற்றுநோயாளிகள் எண் திடீரென்று குறைந்தது. ஜனங்கள் பரிசோதனைக்குச் செல்லாமையே அதன் காரணம்.

ஒரே நோய் கண்டவர்களில் நாட்டுப்புறத்தார் ஏன் அதிகம் மாளுகிறார்கள்? அவர்கள் உடல் வேறு வகையானதோ என்ற ஐயத்துக்கு 2018-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி விடை தந்தது. 44 வைத்தியப் பரீக்ஷைகளில் சேர்ந்த ஏறக்குறைய 37,000 புற்றுநோயாளிகளை எடுத்துப் பார்த்தனர். இப்பரீக்ஷைகளில் எந்த ஊராருக்கும் ஒரே மருந்து, ஒரே அளவு, ஒரே மேற்பார்வை. அங்கே நகரத்தாரும் நாட்டுப்புறத்தாரும் பெரும்பாலான புற்று வகைகளில் ஏறக்குறைய ஒரே காலம் உயிர் வாழ்ந்தனர். வைத்தியம் சமமானால் ஆயுளும் பெரும்பாலும் சமம் என்று ஆயிற்று. வெளியில் அச்சமம் இல்லை. கதிரியக்க சிகிச்சைக்கு வாரத்தில் ஐந்து நாள் வீதம் பல வாரங்கள் செல்லவேண்டும். நூறு மைல் தூரத்தில் இருப்பவன் அறுவடையை விட்டு எப்படிப் போவான்? அந்நாட்டில் 2010-க்குப் பின் நூற்றுக்கு மேற்பட்ட நாட்டுப்புற ஆஸ்பத்திரிகள் மூடப்பட்டன. வைத்தியச் செலவுக்கு இன்ஷூரன்ஸ் இல்லாதோரும் நாட்டுப்புறத்தில் மிகுதி. நோய் முற்றிய பின்னரே வருகிறார்கள் என்று டாக்டர்கள் குறை கூறுவது உண்மையே. வழியும் பணமும் இல்லாதவர் முந்தி வருவது எங்ஙனம் என்பதையும் உடன் கேட்கவேண்டும்.

அக்கவுண்டிகளில் மிகுந்துள்ள கர்ப்பப்பை வாய்ப் புற்று, கிராமத்திலேயே நடத்தும் பரிசோதனையால் குறையுமா என்பதற்கு உலகம் எடுத்துக்காட்டும் அத்தாட்சிகளில் ஒன்று நம் தமிழ்நாட்டிலிருந்தே கிடைத்தது. திண்டுக்கல் ஜில்லாவில் 2000 முதல் 2006 வரை, கிராமத் தொகுதிகள் 114-ஐ எடுத்து, சீட்டுப்போடுவது போன்ற முறையில் இரு சரிபாதியாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் 30 முதல் 59 வயதுள்ள பெண்களைப் பயிற்சி பெற்ற நர்சுகள் ஒரே ஒரு முறை பரிசோதித்தனர். கருவி பெரிதொன்றுமில்லை, காடியில் உள்ள அமிலத்தை நீர்த்துத் தடவி, வெண்மை தோன்றுகிறதா என்று கண்ணால் பார்ப்பது. நோய்க்கு முந்திய மாறுதல் கண்டவர்களில் தக்கவர்களுக்கு அங்கேயே குளிரூட்டிச் சிகிச்சை செய்தார்கள். மற்றவர்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அழைக்கப்பட்ட 49,311 பெண்களில் 31,343 பேர் வந்தனர். முடிவு 2007-இல் வெளியாயிற்று. பரிசோதனை நடந்த தொகுதிகளில் அப்புற்று நான்கில் ஒரு பங்கும், அதனால் நேர்ந்த மரணம் நூற்றுக்கு 35-உம் குறைந்திருந்தது. வராத 18,000 பேரையும் விலக்காமல் கணக்கில் சேர்த்த பின்னர் கிடைத்த எண்கள் இவை.