பழைய பீரோவும் புதுக் குடித்தனமும்

கழிந்த ரமழானுக்கு முன்பு என் அக்கா ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு வந்தார்கள். அவர்களுடைய மகளுக்கு நிகாஹ் நிச்சயமாகியிருந்தது. மரச்சாமான் கடை ஒன்றில் கட்டில், பீரோ, மேஜை மூன்றும் சேர்த்து 48,000 ரூபாய் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். கையில் பணம் இல்லையென்றால் நிதி நிறுவனத்தின் மூலம் மாதம் 3,150 வீதம் 18 மாதம் கட்டலாமாம். கூட்டிப் பார்த்தால் 56,700. பொருளுக்கு மேல் 8,700 ரூபாய் வட்டி.

“ஊரில் எல்லாரும் இப்படித்தானே செய்கிறார்கள், தம்பி?” என்றார்கள் அக்கா.

வட்டியின் தடையை அக்காவுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பெண் வீட்டார் சீர் கொடுத்தே ஆக வேண்டும் என்று மார்க்கம் சொல்லவில்லை என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஆனாலும் மகள் வெறுங்கையோடு போகக்கூடாதே என்ற தாயின் மனம் இருக்கிறதே, அதற்கு சட்டம் மட்டும் சொன்னால் போதாது. வழியும் காட்ட வேண்டும். அந்த வழியை, எங்கள் ஆலங்குளத்தில் (தென்காசிப் பக்கத்து ஆலங்குளம் அல்ல, விருதுநகர் மாவட்டத்து சிமெண்ட் ஆலை ஊர்) நாங்கள் செய்து பார்த்தபடியே இங்கே எழுதுகிறேன்.

முடிவு இதுதான்: கட்டிலும் மெத்தையும் மட்டும் புதிதாக, ரொக்கத்துக்கு. பீரோவும் மேஜையும் பழையவை. இராஜபாளையத்தில் வீடு காலி செய்த ஒருவரிடம் இரும்புப் பீரோ 2,800 ரூபாய்க்கும், மர மேஜை 1,200 ரூபாய்க்கும் கிடைத்தன. ஆசாரி கூலி, பெயிண்ட், உப்புத்தாள் எல்லாம் 2,350. ஆக மொத்தம் 6,350.

பழையதை வாங்குவது இழிவு அல்ல

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போனவர்களுக்குத் தெரியும். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த தேக்குத் தூண்கள், கதவுகள், அலமாரிகள், நாற்காலிகள் அங்கே கடை கடையாக அடுக்கியிருக்கும். பர்மாவில் தொழில் செய்த நகரத்தார் கப்பலில் கொண்டுவந்த தேக்கு அது. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்ததும் அந்தத் தொழில் குலைந்தது. பின்னாளில் பங்கு பிரிந்த வீடுகளிலிருந்து சாமான்கள் சந்தைக்கு வந்தன. இன்று நகரத்துப் பணக்காரர்கள் அவற்றைத் தேடிப் போய் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறார்கள். அவர்கள் வாங்கினால் ‘ஆன்டிக்’, நாம் வாங்கினால் ‘பழசு’. பொருள் ஒன்றுதான், பார்வைதான் வேறு.

செத்துப்போன ஓர் ஆட்டைத் தூக்கி எறிந்திருந்ததைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதன் தோலையாவது பதனிட்டுப் பயன்படுத்தியிருக்கலாமே என்று கேட்ட செய்தி ஹதீஸ் நூல்களில் உள்ளது. எறிய வேண்டியது என்று நாம் நினைப்பதிலும் பயன் மிச்சம் இருக்கிறது என்ற பாடம் அதில் இருக்கிறது.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

மரச்சாமானைத் தலைகீழாகப் புரட்டிப் பாருங்கள். மேல்பக்கம் பாலிஷ் ஏமாற்றும், அடிப்பக்கம் ஏமாற்றாது. பெயிண்ட் படாத அந்த இடத்தில்தான் மரத்தின் நிறமும் ரேகையும் தெரியும். சின்னத் துளைகளும் அவற்றின் கீழே மாவு போன்ற புதிய தூளும் இருந்தால் வண்டு இன்னும் உள்ளே தின்றுகொண்டிருக்கிறது, விட்டுவிடுங்கள். மண் கோடு போல் ஓடினால் கறையான். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை தண்ணீரில் ஊறி உப்பியிருந்தால் அதைச் சரிசெய்ய முடியாது.

கால் ஆடுவது பெரிய குறை அல்ல. மரம் மழைக்காலத்தில் ஈரம் இழுத்து உப்பும், கோடையில் சுருங்கும். நம் பக்கத்து வெயிலில் வருடா வருடம் இப்படி நடந்தால் பொருத்து தளர்ந்துதான் போகும். அதைச் சரிசெய்துவிடலாம்.

பழைய கட்டில் வாங்குவோர் மூட்டைப்பூச்சிக்காகச் சந்து பொந்துகளை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். நாங்கள் கட்டிலைப் புதிதாக வாங்கியதற்கு அதுவே காரணம்.

இரும்புப் பீரோவில் முதலில் அடித்தகட்டைப் பார்க்க வேண்டும். தரை துடைக்கும் தண்ணீர் பட்டுப் பட்டு அங்கேதான் துரு பிடிக்கும். விரலால் அழுத்தினால் உள்வாங்கும் அளவுக்கு அரித்திருந்தால் வேண்டாம். மேலோட்டமான துரு என்றால் பயமில்லை. பூட்டு, கீல் இரண்டையும் நாலைந்து முறை திறந்து மூடிப் பாருங்கள்.

பெயிண்ட் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை

இதை மட்டும் அவசியம் படியுங்கள். பழைய பெயிண்டுகளில் ஈயம் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2016இல் வந்து, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயிண்டைக் காய்ந்தபடியே தேய்த்தால் எழும் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். கர்ப்பிணிகளுக்கும் ஆபத்து.

ஆகவே தண்ணீர் தொட்டு, ஈரமாகவே தேய்க்க வேண்டும். இதற்கென்றே ‘வாட்டர் பேப்பர்’ என்று கேட்டால் கடையில் தருவார்கள். வீட்டுக்கு வெளியே, கீழே பிளாஸ்டிக் தாள் விரித்து, முகக்கவசம் போட்டுச் செய்யுங்கள். நெருப்புக் காட்டி பெயிண்டை உரிக்காதீர்கள். உதிர்ந்ததை விளக்குமாற்றால் கூட்டாமல் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். பிள்ளைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள். முடிந்ததும் கை, முகம் கழுவி, உடுப்பைத் தனியாகத் துவையுங்கள்.

மேஜை

சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்துக் காயவிட்டோம். ஆடிய காலைக் கழற்றி, பொருத்தில் ஒட்டியிருந்த பழைய பசையைச் சுரண்டினார் ஆசாரி. பழைய பசை மேல் புதிய பசை பிடிக்காது. பிறகு மரப்பசை தடவிப் பொருத்தி, நான்கு கால்களையும் சுற்றிக் கயிறு கட்டி, கயிற்றுக்குள் ஒரு குச்சியைச் செருகி முறுக்கினார். முறுக்க முறுக்க இறுகியது. மறுநாள் வரை அப்படியே விட்டோம். ஆணி அடிக்கவே இல்லை. ஆணி அடித்தால் அன்றைக்கு நிற்கும், நாளைக்கு மரம் பிளக்கும் என்றார்.

எங்கள் மேஜையில் இருந்தது பெயிண்ட் அல்ல, மங்கிய பாலிஷ். அதனால் முதலில் 80 எண் உப்புத்தாள், பிறகு 120, கடைசியில் 220. எண் கூடக் கூடத் தாள் நைசாகும். ரேகை ஓடும் திசையில்தான் தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்த கீறல் பாலிஷ் போட்ட பிறகுதான் பல்லைக் காட்டும். சின்னக் குழிகளை, தேய்த்து விழுந்த மரத்தூளையே பசையில் குழைத்து அடைத்தோம்.

தேக்கு போன்ற நல்ல மரம் என்றால் பெயிண்ட் அடித்து மறைக்காதீர்கள். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு பாலிஷோ வார்னிஷோ போதும். ஸ்பிரிட் எளிதில் தீப்பற்றும், அடுப்பும் பீடியும் பக்கத்தில் வேண்டாம். ஆளி விதை எண்ணெய் தேய்த்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், அது தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும். விரித்துக் காயவையுங்கள். இழுப்பறை இறுகினால் ஓரங்களில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு வரும்.

பீரோ

துருவைக் கம்பிப் பிரஷ்ஷால் சுரண்டி, பழைய பெயிண்டின் பளபளப்பு போகும்வரை வாட்டர் பேப்பரால் தேய்த்தோம். பளபளப்பு இருந்தால் புதுப் பெயிண்ட் உரிந்துவிடும். ஈரம் சுத்தமாகக் காய்ந்ததும் தின்னர் தொட்ட துணியால் துடைத்து, துரு இருந்த இடங்களுக்கு ரெட் ஆக்ஸைடு பிரைமர். ஓர் இரவு காயவிட்டு, மேலே எனாமல் இரண்டு கோட். ஒரு பீரோவின் வெளிப்புறத்துக்கு ஒரு லிட்டர் போதும். ஒரே தடவையில் கெட்டியாக அடித்தால் வழியும். மெல்லிசாக அடித்து, மறுநாள் இரண்டாவது கோட் அடியுங்கள்.

தரை ஈரம் படாமல் இருக்க அடியில் ஸ்டாண்ட் வைத்தோம். பீரோவின் முதுகைச் சுவரோடு ஒரு பட்டை வைத்துத் திருகினோம். குழந்தை கதவில் தொங்கினால் பீரோ முன்னால் சாய்ந்துவிடும் ஆபத்து உண்டு, புதுப் பீரோ என்றாலும் இதைச் செய்யுங்கள்.

மறைக்கக்கூடாது

வேலை முடிந்து பார்த்தபோது அக்காவுக்கே நம்ப முடியவில்லை. “புதுசு என்றே சொல்லிவிடலாமே, யாருக்குத் தெரியப்போகிறது?” என்றார்கள். அங்கேதான் நான் நிறுத்தினேன்.

சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டியதும், அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்று வியாபாரியைக் கண்டித்ததும் நமக்குத் தெரிந்த செய்தி. துருவை நீக்குவது பராமரிப்பு. துருவைப் பெயிண்டால் மூடிப் புதிதென்று சொல்வது மோசடி. விற்பனைக்கு மட்டுமல்ல, சம்பந்தம் பேசும் வீட்டுக்கும் இது பொருந்தும். ஒரு பொய்யோடு குடித்தனத்தைத் தொடங்கி வைக்க வேண்டுமா?

அக்கா மகளே முந்திக்கொண்டாள். “நானே அவங்க வீட்டில் சொல்லிடுறேன் மாமா. மேஜைக்கு உப்புத்தாள் தேய்ச்சதே நான்தானே” என்றாள்.

சொல்லியும் விட்டாள். சாமான் இறக்கிய அன்று மாப்பிள்ளையின் தாயார் பீரோவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். “எங்க வீட்டுப் பீரோ கதவு ஊரையே எழுப்பும். இது சத்தமே போடலையே. அதையும் இப்படிச் செய்து தர முடியுமா?” என்று கேட்டார்.

அடுத்த மாதம் முதல் தேதி அக்கா வீட்டில் யாருக்கும் தவணைக் கவலை இல்லை. அந்த நிம்மதியை எந்தக் கடையிலும் எழுதி வாங்க முடியாது. உங்கள் வீட்டில் நிகாஹ் நெருங்கினால், தவணைப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒரு பழைய மேஜையைப் புரட்டி அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். அல்லாஹ் நம் வீடுகளில் பரக்கத் செய்வானாக.